போனிக்காவின் தாலி

"கழட்டும்" என்றார் மனேச்சர்.

ஒருத்தரும் அசையவில்லை. கண்ணாடிச் சன்னலின் திரையை இழுத்து மூடியிருந்தோம். வெளியே, காலிக்குப் போகும் பெரிய வீதியில் சனம் கூடி, திரையில் எங்காவது இடுக்கு இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தது. உள்ளே, அரக்கு நிறக் கூறைச்சேலையும் தலைநிறையக் கடதாசிப் பூவும் கழுத்தில் தாலிக்கொடியுமாக அந்தப் பொம்மை நின்றது. அதைச் சுற்றி நாங்கள், கடை ஆட்கள் எல்லோரும், பேயறைந்த மாதிரி நின்றோம்.

கடைப் பொம்மை! சாந்தில் வார்த்து, வர்ணம் பூசி, கப்பலில் வந்த பொம்மை. அதன் கழுத்தில் கிடந்ததும் முலாம் பூசிய பித்தளைத் தாலிதான். அதைக் கழற்ற அவ்வளவு பெரிய கடையில் ஓர் ஆள் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. சிரிப்பும் வருகிறது, அது வேறு கதை.

மனேச்சரின் கண் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய் ஓர் இடத்தில் நின்றது. அது எங்கே நின்றது என்று கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் விறைத்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கடையைச் சொல்ல வேண்டும்.

மூன்று விளக்கு

போன வாரம் கொட்டாஞ்சேனை மணிக்கூட்டையும் எங்கள் ஒழுங்கையையும் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "மூன்று விளக்கு ஸ்டோர்ஸை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். மறப்பதாவது! என் வாலிபமே அங்கேதான் போனது.

வெள்ளைக்காரன் இன்னும் இருந்த காலம். யுத்தம் முடிந்து, துணிக்குக் கூப்பன் நீட்டும் கெடுபிடி தளர்ந்து, சனம் மறுபடியும் ஆசைப்பட்டு உடுத்தத் தொடங்கிய நேரம். கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை, வெள்ளவத்தையில் ஒரு கிளை, மலைநாட்டில் ஒன்றோ இரண்டோ. ஒவ்வொரு கிளையின் வாசலுக்கு மேலேயும் பச்சைக் கண்ணாடி போட்ட மூன்று விளக்குகள் எரியும். பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாதவர்களும் விளக்கை எண்ணிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

உள்ளே காலெடுத்து வைத்தால் புதுத் துணியின் கஞ்சி வாசமும், நிலத்துக்குப் பூசிய மெழுகின் வாசமும், யூடிகொலோனும் கலந்து ஒரு மணம். தலைக்கு மேலே கம்பிகள் ஓடும். நாங்கள் சல்லியைச் சின்னத் தகரக் குவளைக்குள் போட்டு, திருகி மூடி, கயிற்றை இழுத்தால் குவளை "விர்ர்" என்று கம்பியில் பறந்து உயரக் கூண்டில் இருக்கும் காசாளரிடம் போகும். மிச்சக் காசோடு திரும்பி வரும். அதைப் பார்க்கவென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

நான் பிலோமினா, கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். வெள்ளவத்தைக் கிளையில் எனக்குப் பொத்தானும் நாடாவும் விற்கும் மேசை. காலையில் கொட்டாஞ்சேனைக் கிளையிலிருந்து கடிதப் பையை வாங்கிக்கொண்டு, கோட்டையில் ரயில் ஏறி, கடலைப் பார்த்தபடி வெள்ளவத்தையில் இறங்குவேன். பெண்பிள்ளை கடையில் நின்று விற்பதா என்று எங்கள் ஒழுங்கையில் வாய் கிழியப் பேசினவர்கள் எத்தனையோ பேர். அவர்களே பிறகு என்னிடம் வந்து கழிவு விலையில் நாடா கேட்டார்கள். வெட்கம் கெட்ட சனம்.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. கிளைகள் ஒவ்வொன்றாக அவிந்துபோயின. வெள்ளவத்தையில் கடைசி நாளில் கூறை மேசையில் நின்று விற்றவள் சரசக்கா. அவளை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே விடாமல் வைத்திருந்த காலத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பின்னறையில் ஒருத்தி

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கதவு திறக்கும் முன்பே போய்விட்டேன். கண்ணாடிச் சன்னலுக்குள் வெள்ளைச் சேலை உடுத்த ஒருத்தி பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். என்ன கை அது! வாயில் இரண்டு ஊசியைக் கடித்துக்கொண்டு, கொசுவத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறக்கும் மணி அடித்ததுதான் தாமதம், அவள் ஓடியே போய்ப் பின்னறைக்குள் புகுந்துவிட்டாள். மத்தியானம் சாப்பிடப் போனபோது பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து விலைச்சீட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா ஓடுறீங்க?" என்று கேட்டேன்.

"நான் கட்டிவிட்டதெண்டு சனம் அறியக்கூடாது, பிள்ளை."

"ஏன்?"

அவள் தன் வெறும் நெற்றியைக் காட்டினாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

சரசக்கா யாழ்ப்பாணத்தவள். புருஷன் கோட்டையில் ரயில்வே கிளாக்கராக இருந்து நெருப்புக்காய்ச்சலில் போனவர். ஒரு பெண்குழந்தை. கல்கிசையில் அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். அண்ணனும் எங்கள் மனேச்சர் நவரத்தினம் ஐயாவும் ஒரே பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள். அந்த முகத்துக்காகத்தான் வேலை. பின்னறையில் இருக்க வேண்டும், கல்யாணச் சாமான் வாங்க வருகிறவர்களின் கண்ணில் படக்கூடாது, இதுதான் பேச்சு. ஏதாவது முறைப்பாடு வந்தால் வேலை போய்விடும். வேலை போனால் அண்ணன் அவளையும் குழந்தையையும் யாழ்ப்பாணத்துக்கு, புருஷனின் ஆட்களிடம், ரயிலேற்றிவிடுவார்.

"அங்கை போனா நானும் பிள்ளையும் அடுப்படியிலைதான்" என்றாள். "இஞ்சை எண்டா அவள் பள்ளிக்கூடம் போவாள்."

ஆக, ஊரெல்லாம் நின்று பார்த்துப் பெருமூச்சு விட்ட மணப்பெண் பொம்மைக்கு ஒரு கைம்பெண் கூறை கட்டினாள். அது தெரியாத வரைக்கும் எல்லாம் மங்களகரம்தான்!

துரைக்குக் கலியாணம்

பொம்மைக்குப் பெயர் போனிக்கா. பியூன் சிறிபால சிங்களத்தில் பொம்மையை அப்படித்தான் சொல்வான். நாங்களும் பிடித்துக்கொண்டோம். பழுப்புக் கண், வெள்ளைத் தோல், ஒரு கை மட்டும் யாருக்கோ தேத்தண்ணீர் நீட்டுகிற மாதிரி முன்னால் நீண்டிருக்கும்.

ஆவணியில் கல்யாணங்கள் வருகிறதென்று மனேச்சருக்கு ஒரு யோசனை வந்தது. போனிக்காவை முழு மணப்பெண்ணாக நிறுத்த வேண்டும். கூறை, நெற்றிப்பட்டம், வளையல், பொட்டு எல்லாம் ஆயிற்று. தாலி இல்லாமல் என்ன மணப்பெண் என்று செட்டித்தெரு நகைக்கடையில் சொல்லி முலாம் பூசிய கொடி ஒன்றும் செய்வித்தார்.

கட்டுவது யார்? கலியாணமான ஆண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அப்போது கடைச்சன்னல் அலங்காரத்துக்கென்று இருந்த பறங்கித் துரை எட்வின் வந்தார். ஐம்பது தாண்டிய பிரமச்சாரி. எப்போதும் புகையிலை மணம், எப்போதும் சிரிப்பு.

"வட் இஸ் திஸ் நான்சென்ஸ்? ஐயாம் ஃப்ரீ!" என்று ஸ்டூலில் ஏறி, தாலியைப் போனிக்காவின் கழுத்தில் கட்டினார். கட்டிவிட்டு அந்த நீட்டின கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தொரைக்குக் கலியாணம்!" என்று சிறிபால கத்த, நாங்கள் பொத்தான் டப்பாவைக் குலுக்கி மேளம் அடித்தோம். வெளியே நின்றவர்கள்கூடக் கைதட்டினார்கள். அன்றிலிருந்து துரை காலையில் வரும்போதெல்லாம் சன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி "குட் மார்னிங், மை டியர்" என்பார். ஊர் முழுக்க இந்தப் பகிடி பரவியது. பொம்மையைப் பார்க்கவே பம்பலப்பிட்டியிலிருந்து நடந்து வந்தார்கள். கூறை அள்ளிக்கொண்டு போனது.

அந்தச் சிரிப்பு எங்களுக்கே வினையாகும் என்று யார் கண்டது?

செத்த வீட்டில் கேட்ட பேச்சு

ஒரு திங்கட்கிழமை துரை வரவில்லை. ஞாயிறு பூசைக்குப் போய்வந்து சாய்மனைக் கதிரையில் படுத்தவர் எழும்பவில்லையாம்.

மாதாவே! சனிக்கிழமை என்னிடம் நீல நாடா வாங்கின மனுஷன். நாங்கள் எல்லோரும் சவ அடக்கத்துக்குப் போனோம். நான் அழுதேன். சரசக்கா ஒரு மூலையில் நின்று அழுதாள். நல்ல மனுஷன், பின்னறைக்கு வந்து அவளிடம் பகிடி விடுகிற ஒரே ஆள் அவர்தான்.

பெட்டியை இறக்குகிற நேரம் சிறிபால என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "மிஸி, அப்ப போனிக்கா?"

"போனிக்காவுக்கு என்ன?"

"அதான், தாலி கட்டினவர் போயிட்டாரே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் எல்லோர் முகத்திலும் அதே கேள்வி. மனேச்சர், லண்டன் பரீட்சை பாஸ் பண்ணின மனுஷன், கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாளில் காலி வீதி முழுக்க இதே கதை. மகளோடு வந்த ஒரு தாய் வாசலிலேயே நின்று, "இதுதானே அந்தப் பொம்மை? கட்டினவர் செத்துப் போனாராம். சீ, தாலி அறுந்த கடையிலை கூறை எடுக்கிறதோ?" என்று மகளை இழுத்துக்கொண்டு வீதியைக் கடந்துவிட்டாள். அடுத்தவர்கள் வாசலுக்கும் வரவில்லை. கூறை மேசையில் நின்றவர் ஒரு கிழமை ஈ ஓட்டிவிட்டு வேறு கடையில் சேர்ந்துகொண்டார்.

மேலிடத்திலிருந்து மனேச்சருக்குக் கடிதம் வந்தது. உடனே சன்னலை மாற்று என்று. அப்படித்தான் அந்தக் காலையில் நாங்கள் திரையை மூடிக்கொண்டு நின்றோம்.

அவர் கேட்ட ஆள்

மனேச்சர் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"பிலோமினா, நீர் வேதக்காரிதானே. உமக்கென்ன?"

"எங்கட ஆக்களும் தாலிதான் ஐயா கட்டுறது. எனக்கு இப்பதான் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. நீங்க கழட்டுங்களேன்?"

"என்ரை மனிசி மாசமா இருக்கிறா" என்று ஓரடி பின்னால் போனார்.

சிறிபால தனக்கு முதுகுவலி என்றான். காசாளர் சின்னையா கூண்டை விட்டு இறங்கவே இல்லை. அப்போதுதான் மனேச்சரின் கண் பின்னறை வாசலில் போய் நின்றது.

"சரசு, இஞ்சை வாரும். நீர்தான் கழட்ட வேணும்."

சரசக்கா விலைச்சீட்டும் கையுமாக நின்றாள்.

"யோசிக்காதையும். உமக்கு இனிப் போக என்ன இருக்கு?"

ஏன் கடவுளே, அந்த வார்த்தையை ஒரு மனுஷன் அத்தனை பேருக்கு முன்னால் சொல்லுவானா? அதையும் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, குடையை எடு என்கிற மாதிரிச் சொன்னார். 

சரசக்கா விலைச்சீட்டைக் கீழே வைத்தாள். சன்னல் மேடையில் ஏறினாள். போனிக்காவின் பின்கழுத்தில் முடிச்சைத் தேடினாள். துரை கண்டபடி முடிந்திருந்தார், அவிழ நேரம் எடுத்தது. அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மனேச்சருக்கு உயிர் வந்தது. "அப்பிடியே பொட்டையும் அழிச்சு, வளையலையும் கழட்டிவிடும். எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சுவிடும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அதுக்கு வேற ஆளைப் பாருங்கோ ஐயா. என்ரை பொட்டை அழிக்கேக்கை மூண்டு பேர் என்னைப் பிடிச்சவை."



மேடையிலிருந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்தாள். தகரக் குவளையைத் திருகித் திறந்தாள். தாலிக்கொடியை அதற்குள் போட்டாள், மூடினாள், கயிற்றை இழுத்தாள். "விர்ர்" என்று எங்கள் எல்லோர் தலைக்கும் மேலால் தாலி பறந்து போனது. பழக்கதோஷத்தில் சின்னையா குவளையைத் திறந்து கையை விட்டார்.

"முருகா!" என்று அவர் போட்ட கூச்சலில் வெளியே நின்ற சனம் சிதறி ஓடியது.

அதற்குமேல் போனிக்காவைத் தொட ஒருத்தருக்கும் துணிவில்லை. திரையை விலக்கினோம். தாலி இல்லை. ஆனால் பூவும் பொட்டும் வளையலும் அப்படியே. சனம் பார்த்தது. மணப்பெண் இனிமேல்தான் மணவறைக்குப் போகப்போகிறாள் என்று ஒரு கிழவி சொன்னதும் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டுவிட்டது. என்ன சனமப்பா இது!

தொப்பி மேசைக் கண்ணாடி

மறுநாள் காலை தொப்பி விற்கும் மேசையில் இருந்த நீள்வட்டக் கண்ணாடிக்கு முன்னால் சரசக்கா நின்றாள். போனிக்காவின் சாந்துச் சிமிழ் கையில். விரலால் தொட்டு, நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். வெள்ளைச் சேலைக்கு மேலே கடையின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கூறை மேசையில் நின்றாள்.

நான் நாடாச் சுருளைக் கீழே போட்டுவிட்டேன். அது உருண்டு உருண்டு வாசல்வரை போனது.

மனேச்சர் வந்தார். பார்த்தார். முகம் சிவந்து, வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் உள்ளே வந்தது. கூறை மேசைக்கு வேறு ஆளும் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

சரசக்கா மணப்பெண்ணை நிறுத்தி, தோளில் சேலையைப் போட்டு, ஒரே தட்டில் கொசுவத்தை விழுத்தினாள். தாய்க்காரி கண்கலங்கிப் போனாள். "நல்ல கை, பிள்ளை. நீர் தீர்க்காயுசா இரும்" என்றாள்.

கூரை இடிந்து விழும், யாராவது கண்டுபிடித்துச் சத்தம் போடுவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமே நடக்கவில்லை! எத்தனையோ அதிர்ச்சிகளைக் கண்ட அந்தக் கிழமையில் என்னை உலுக்கிப்போட்டது இதுதான். சாந்துச் சிமிழில் ஒரு விரல் வைத்ததோடு சனத்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

அதன்பிறகு, "அந்தக் கைராசிக்காரப் பிள்ளை நிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். மனேச்சர் விற்பனையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் மாலையில் கடை சாத்தியதும் சரசக்கா மறுபடி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள். ஈரத் துணியால் பொட்டை அழுத்தித் துடைப்பாள். வெறும் நெற்றியோடு கல்கிசை பஸ்ஸில் ஏறுவாள். அண்ணன் கண்டால் அடுத்த ரயிலில் யாழ்ப்பாணம்தான். ஒவ்வொரு மாலையும் நான்தான் அந்தத் துணியை நனைத்துப் பிழிந்து கொடுப்பேன்.

அரக்குக் கூறை

தை பிறந்தது. மனேச்சரின் தங்கைக்குக் கல்யாணம். மனேச்சரின் மனைவி கைக்குழந்தையோடு மைத்துனியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"இஞ்சை ஒரு கைராசிக்காரி இருக்கிறாவாமே. ஊரே கதைக்குது, இவர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவவே எடுத்துத் தரட்டும்."

மனேச்சர் மனைவிக்குப் பின்னால் நின்றார். பொட்டு வைத்து நிற்பவள் யார் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியாது. நெற்றியில் வியர்வை அரும்பியது.

சரசக்கா அவரை நேரே பார்த்துக் கேட்டாள். "எடுக்கட்டோ ஐயா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று மனைவி கேட்பாள். காரணத்தைச் சொன்னால் கடையில் கூறை வாங்கின வீடுகளெல்லாம் வாசலுக்கு வந்துவிடும்.

"எடும்" என்றார். அவர் குரலே இல்லை அது.

அரக்குக் கூறை ஒன்றை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பிடித்துப் போயிற்று. சரசக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கலியாணத்துக்கு நீங்களும் வரவேணும்" என்றாள். மனேச்சர் மாறிவிட்டார் என்று நான் நினைத்தேன். மனதுக்குள் அவரை மன்னித்தும்விட்டேன். என் மடத்தனம்.

மறுநாள் காலை கடிதப் பை எடுக்கக் கொட்டாஞ்சேனைக் கிளைக்குள் நுழைகிறேன். கூறை மேசையில் நவரத்தினம் ஐயா! வெள்ளவத்தையில் வீடு இருக்கிற மனுஷனுக்கு விடிந்தும் விடியாமல் கொட்டாஞ்சேனையில் என்ன வேலை? என்னைக் கண்டதும் பார்சலைக் கக்கத்துக்குள் ஒடுக்கினார்.

"சும்மா... இந்தப் பக்கம் வந்தனான்."

அவர் போனதும் மேசைக்காரியைக் கேட்டேன். "என்ன எடுத்தாரு?"

"கூறை. அரக்கு நிறந்தான் வேணுமாம். நேத்து அங்க எடுத்த மாதிரியே வேணுமெண்டு ஒரு துண்டு நூலும் கொண்டுவந்தாரு."

வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல், சரசக்கா கை பட்ட கூறையை மாற்றப்போகிறார்! அந்தக் கையின் ராசியில் இத்தனை மாதம் வியாபாரம் நடத்தின மனுஷன்! ரயிலில் வந்த வழி முழுக்க எனக்குக் கடலும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

சரசக்காவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சேலை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். உண்மையாகவே, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அப்ப ஒரு கலியாணத்துக்கு ரண்டு கூறை வித்திருக்கிறம்."

"எப்படிக்கா சிரிக்கிறீங்க? நானெண்டா அவர் முகத்தில காறித் துப்பியிருப்பன்!"

"பிலோமினா, அந்த மனுசன் என்னிலை எவ்வளவு பயப்பிடுறார் பாத்தீரோ? நான் அண்ணனுக்குப் பயந்தன், இவருக்குப் பயந்தன், சனத்துக்குப் பயந்தன். கடைசியிலை பாத்தா அவையெல்லாம் எனக்குத்தான் பயந்துகொண்டு நிண்டிருக்கினம்."

அன்று பகல் முழுக்க வழமைபோல விற்றாள். மனேச்சர் அவள் பக்கமே வரவில்லை.

மாலையில் மணி அடித்தது. சிறிபால பச்சை விளக்குகளை ஏற்றினான். நான் வழமைபோல ஈரத் துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு தொப்பி மேசைக் கண்ணாடிக்கு முன்னால் காத்து நின்றேன்.

சரசக்கா நீலக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கண்ணாடியைத் தாண்டி நடந்தாள்.

"அக்கா, பொட்டு!" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கல்கிசை பஸ் வந்து நின்றது. சரசக்கா பொட்டோடு ஏறினாள்.